அண்ணாமலையின் உள்வழிக்கு ஓர் இரங்கல்

திருவண்ணாமலையை வலம்வர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று இன்றும் இருக்கிறது. தார் போட்டு, விளக்கு வைத்து, கடைகள் நிறைந்து, பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் நடக்கிற 14 கிலோமீட்டர் சாலை அது. இன்னொன்று அந்தச் சாலைக்கும் மலைக்கும் நடுவே, அடிவாரத்தை உரசிக்கொண்டு காட்டுக்குள் போன ஒத்தையடிப் பாதை. உள்வழி என்பார்கள். ரமணாசிரமத்தின் பின்புறம் மலை தொடங்குகிற இடத்தில் பிடித்தால், கண்ணப்பர் கோயில் பாறையைத் தொட்டு, அடி அண்ணாமலைப் பக்கம் வளைந்து, பச்சையம்மன் கோயில் அருகே வெளியே வரலாம்.

அந்த உள்வழி இறந்துவிட்டது. அதற்கு இன்ன நாள் என்று திதி கொடுக்க முடியாது. முதலில் இருட்டிய பிறகு போகாதே என்றார்கள். பிறகு கோடையில் போகாதே என்றார்கள். பிறகு கம்பி வேலி வந்தது, காப்புக்காட்டில் அத்துமீறி நுழைந்தால் வனச்சட்டப்படி நடவடிக்கை என்று பலகை வந்தது. ஒரு பாதை நான்கைந்து மழைக்காலம் நடப்பாரில்லாமல் கிடந்தால் போதும், புல்லும் முள்ளும் அதை எடுத்துக்கொள்ளும். உடம்பு மண்ணுக்குள் போவதற்கு ஆகும் காலமும் ஏறக்குறைய அதேதான்.

காஞ்சிபுரத்தின் தெற்கு விளிம்பில், பாலாற்றங்கரையில் இருக்கும் செவிலிமேட்டுக்காரனுக்கு இதில் என்ன துக்கம் என்று கேட்கலாம். எங்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்டினால்தான் தூசி, மாமண்டூர், செய்யாறு, ஆரணி, போளூர் எல்லாம். காஞ்சியிலிருந்து அண்ணாமலைக்குப் போகிற தெற்கு வழி எங்கள் வாசலில் தொடங்குகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இங்கே பழைய வீடுகளில் இருப்பது குழித்தறி. நெய்பவர் குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அந்தக் குழியில் ஊற்று கண்டுவிடும். பாவு ஈரம் கோக்கும். தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. வருமானம் இல்லாத, கைக்கு வேலையில்லாத அந்த வாரங்களில்தான் கார்த்திகை தீபம் வரும். முகூர்த்தப் புடவைக்கு வந்த அட்வான்ஸில் மிச்சம் பிடித்து, நெய்யை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, தறிக்காரர்கள் கிளம்புவார்கள். மலை உச்சியில் ஏற்றுகிற மகாதீபத்துக்குத் திரி காடாத்துணி. 1,000 மீட்டருக்குக் குறையாது. துணியையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு, தன் துணியோ பிறர் துணியோ, அங்கே எரிவது தங்கள் சாதியைச் சேர்ந்த பொருள் என்று ஒரு நினைப்பு உண்டு.

வழி என்ற விஷயத்தில் செவிலிமேட்டுக்கு இன்னொரு பழைய பாத்தியமும் இருக்கிறது. காசி யாத்திரைக்குக் குருவோடு போன இளம் ராமானுஜர், தன்னைக் கொல்லச் சதி என்று தம்பி முறையான கோவிந்தன் சொல்லக் கேட்டு விந்தியக் காட்டில் பிரிந்து நின்றார். ஒரு வேடனும் வேடுவச்சியும் துணைக்கு வந்தார்கள். இரவு தூங்கி எழுந்து வேடுவச்சி தண்ணீர் கேட்க, அவர் இறங்கி மொண்டுவந்த கிணறு எங்கள் ஊர்ச் சாலைக் கிணறு. நிமிர்ந்து பார்த்தால் காஞ்சி வரதர் கோயில் விமானம் தெரிந்தது, வேடர்கள் இல்லை. குருபரம்பரைக் கதை இது. அந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்துவது அற்புதம் அல்ல. காட்டில் வழி தெரியாமல் நின்றவனுக்குத் தெய்வம் காட்டுக்காரன் வேஷத்தில் வந்தது என்பதுதான். காட்டை அறிந்தவனிடம் வழி கேட்டு நடப்பது, அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது. நடப்பவனுக்கும் நிலத்தில் இருப்பவனுக்கும் இடையே அவ்வளவுதான் ஒப்பந்தம். நான் இரங்கல் சொல்ல வந்திருப்பது அந்த ஒப்பந்தத்துக்கும் சேர்த்து.

உள்வழியை எனக்குக் காட்டியவர் எங்கள் பெரியப்பா. வழி தொடங்கும் இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்று, "செருப்ப இங்கயே வுட்டுட்டு வாடா. மலை மேல கால் வெக்கல, சாமி உடம்பு மேல வெக்கப்போற," என்றார். அவர் செருப்பைக் கழற்றி இடுப்பு வேட்டியில் முடிந்துகொள்ளவும் இல்லை. அங்கேயே விட்டார். திரும்ப அந்தப் பக்கம் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வெறுங்காலில் அந்த வழி எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இனி நடந்து தெரிந்துகொள்ள வழியில்லை. முதலில் செம்மண், நன்றாக மிதிபட்டு இறுகியது. பிறகு உடைந்த கருங்கல் சில்லு. அதில் நடக்கும்போது பேச்சு தானாக நின்றுவிடும், கண் தரையை விட்டு நகராது. அப்புறம் சட்டென்று ஒரு அகலப் பாறை வரும். வெயில் ஏறாத நேரமென்றால் அது குளிர்ந்திருக்கும், அதன்மேல் நின்றதும் உள்ளங்கால் மூச்சு விடும். பாறைகளில் யாரோ சுண்ணாம்பாலும் பெயின்ட்டாலும் அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்கள். ஒரு அம்பு அழிந்திருந்தால் அடுத்த அம்பு தெரிகிற வரை நின்று தேட வேண்டும். இரண்டு பக்கமும் இடுப்பளவு எலுமிச்சைப் புல். வேட்டி உரசினாலே வாசனை எழும். காரை முள் கையைக் கீறும். எங்கோ மயில் அகவும். ஒரு சுனையில் தண்ணீர் இருந்தால் அதன் ஓரத்து ஈரத்தில் மான் குளம்பு பதிந்திருக்கும்.

வெளிச்சாலையில் போகிறவர்களுக்கு மலை முழுசாகத் தெரியும். ஓரிடத்தில் ஒற்றைச் சிகரமாக, இன்னோரிடத்தில் இரண்டாக, குபேர லிங்கத்தை நெருங்கும்போது ஐந்து முகமாகத் தெரியும். நின்று கும்பிடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். உள்வழியில் மலை தெரியாது. அவ்வளவு பக்கத்தில் போனபின் மலை என்று ஒன்றைப் பார்க்க முடியாது. எதிரே ஒரு பாறை, அதற்கு மேல் ஒரு பாறை, அதற்கு மேல் வெளிச்சம், அவ்வளவுதான். 2,668 அடி உயரமுள்ள ஒன்றின் காலடியில் அதன் உருவத்தையே மறந்து நடப்பது ஒரு தனி அனுபவம். பாதி வழியில் எங்கிருந்தோ பஸ் ஹாரன் மெல்லக் கேட்கும். ஊர் அரை மைலில் இருக்கிறது என்பதை அப்போதுதான் மனசு ஒப்புக்கொள்ளும்.

இந்தப் பாதையைப் போட்டது பக்தர்கள் இல்லை. யாத்திரைக்காரர்கள் எழுதிய நினைவுகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப்போகும். ஆடு மேய்த்தவர்களும், விறகுக்குப் போன பெண்களும், கூரைக்குப் புல் அறுத்தவர்களும் போட்ட பாதை இது. அவர்கள் தினம் நடந்ததால்தான் அது திறந்திருந்தது. நாங்கள் வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் காலடியில் நடந்தோம். தடை வந்தபோது முதலில் வெளியே போனவர்களும் அவர்கள்தான். தலைச்சுமை விறகோடு வரும் பெண்ணைப் பிடித்து அரிவாளைப் பறித்தபோது யாரும் கட்டுரை எழுதவில்லை. கிரிவலம் வருபவனைத் தடுத்த பிறகுதான் வழிபாட்டு உரிமை என்ற பேச்சு வந்தது. விறகுக்காரிகளின் வழி மூடிய அன்றே உள்வழிக்குச் சாவு குறித்தாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இந்த மலை யாருடையது? கேள்வி பழசு. 1882-ஆம் ஆண்டை நினைத்தால் எனக்கு வியப்பு தீராது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று இந்திய ஈஸ்மெண்ட் சட்டம். நம் கிரயப் பத்திரங்களில் 'வழிநடை பாத்தியம்' என்று எழுதுகிறோமே, அதற்குச் சட்ட உருவம் கொடுத்தது அது. ஒருவன் இடத்தின் வழியாக இன்னொருவன் இருபது ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு, பகிரங்கமாக நடந்திருந்தால் அந்த நடைக்கு மதிப்பு உண்டு என்றது. அரசு நிலமென்றால் அதைவிட நீண்ட காலம் வேண்டும். இன்னொன்று சென்னை வனச் சட்டம். ஒரு காட்டைக் காப்புக்காடு என்று அறிவிக்கும் முன் ஃபாரஸ்ட் செட்டில்மென்ட் அதிகாரி வந்து உட்காருவார். வழி உரிமை, மேய்ச்சல் உரிமை, தண்ணீர் உரிமை கோருபவர்கள் குறித்த காலத்துக்குள் வந்து சொல்ல வேண்டும். சொல்லாத உரிமை செத்த உரிமை. முதல் சட்டம் நடந்து நடந்து உண்டான பழக்கத்தை உரிமை என்றது. இரண்டாவது சட்டம் அந்தப் பழக்கத்தை எழுதிக்கொடு, இல்லாவிட்டால் இல்லை என்றது. ஆட்டுக்காரனும் விறகுக்காரியும் எந்த அதிகாரி முன் போய் என்ன எழுதிக் கொடுத்திருப்பார்கள்?

நாட்டின் பிற பகுதிகளுக்கான 1927 இந்திய வனச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, 25-ஆவது. காப்புக்காட்டில் உள்ள பாதையை வன அதிகாரி மூடலாம். ஆனால் அதற்கு ஈடாகப் போதுமான வசதியுள்ள வேறு வழி ஏற்கனவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்டுத் தர வேண்டும் என்கிறது. அந்த நியாயப்படி பார்த்தால் உள்வழிக்கு ஈடு வெளிச்சாலைதான் என்று சொல்லிவிடுவார்கள். கால் கணக்கில் அது சரி. இரண்டும் ஒரே மலையைத்தான் சுற்றுகின்றன. ஆனால் பிரசாதக் கடை ஒலிபெருக்கிகளுக்கு நடுவே நடக்கிற தார்ச்சாலையை அந்தப் புல்வெளி வழிக்கு மாற்று என்று ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

1930-களின் பிற்பகுதியில் மலையின் உடைமை குறித்துக் கோயில் தேவஸ்தானத்துக்கும் அரசுக்கும் வழக்கு நடந்தது. அதில் ரமண மகரிஷியிடம் சாட்சியம் பதிவு செய்தார்கள். 1896 செப்டம்பர் 1 அன்று அந்த ஊரில் கால் வைத்தவர். விருபாட்ச குகையிலும், 1916 முதல் 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் மலை மேலேயே குடியிருந்தவர். பிளேக் பரவியபோது பச்சையம்மன் கோயிலில் சில மாதங்கள் தங்கியவர். அந்த மலையின் பொந்தும் புடவும் தெரிந்தவர் அவரைப்போல் அன்று யாருமில்லை. காகிதம் காட்டித் தீர்க்க வேண்டிய வழக்கில், நடந்தவரின் வாக்கையும் கேட்க வேண்டும் என்று அந்தக் கோர்ட்டுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு காரியத்துக்காகவே அந்த வழக்கை நான் மதிக்கிறேன்.

அவருக்கு முன்பே காஞ்சியிலிருந்து போனவர் ஒருவர் உண்டு. வந்தவாசிக்குப் பக்கத்து வழூரில் பிறந்து, காஞ்சிபுரத்தில் வளர்ந்து, 1889-ல் அண்ணாமலைக்குப் போய், 1929-ல் மறைகிற வரை அந்த ஊரைவிட்டு நகராத சேஷாத்திரி சுவாமிகள். யாரிடமும் அனுமதி கேட்டு அவர் எங்கும் போனதாகக் கதையில்லை.

அனுமதி கேட்காத காலம் என்றால் கட்டுப்பாடே இல்லாத காலம் என்று அர்த்தமில்லை. அண்ணாமலை கோயிலில் இன்றும் நடக்கிற ஒரு சடங்கை இதற்குச் சாட்சியாகச் சொல்வேன். தீபத் திருவிழா முடிந்தபின் மலை உச்சியில் பிராயச்சித்த பூஜை நடக்கும். மலையே சிவன், அதன்மேல் மனிதர் கால் பட்டதற்காகப் பரிகாரம் செய்வார்கள். மலை ஏறுவது தப்பு, ஏறாமல் தீபம் இல்லை, ஆகவே ஏறு, ஏறியதற்கு மன்னிப்புக் கேள். இவ்வளவு நுட்பமான ஒரு நுழைவு விதியை எந்த அரசாணையிலும் நான் படித்ததில்லை. நிலம் இன்னொருவருடையது என்ற நினைப்போடு அதன்மேல் நடப்பதற்கு நம்மிடம் முறை இருந்தது. பெரியப்பா செருப்பை விட்டதும் அதே முறையில்தான். அந்த நினைப்பு மெல்ல மெல்லப் போனது. அது போன பிறகு வேலி வந்தது.

இதைச் சொல்லாமல் வனத்துறையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது நேர்மையாகாது. எலுமிச்சைப் புல்லைப் பற்றிச் சொன்னேன். மாசி, பங்குனியில் அது காய்ந்தால் ஒரு பீடித்துண்டு போதும். கற்பூரம் போதும். ஒரு மூலையில் பிடித்த தீ ராத்திரிக்குள் மலையின் ஒரு முகத்தையே கருக்கிவிட்டுப் போகும். ஒரு காலத்தில் இந்த மலை கிட்டத்தட்ட மொட்டைப் பாறையாகக் கிடந்தது. இன்று அதில் தெரிகிற பச்சை தானாக வந்ததல்ல. தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் பல ஆண்டுகளாகக் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, ஒவ்வொரு கோடைக்கு முன்பும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீ பிடித்தால் இலைக்கொத்தால் அடித்து அணைத்து உண்டாக்கியது. பத்து ஆண்டுகள் வளர்த்த கன்று ஒரு மத்தியானத்தில் சாம்பலாவதைப் பார்த்தவர், யாரும் உள்ளே வரவேண்டாம் என்று சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். வழி தவறிய வெளிநாட்டவரை இரவில் தேடி இறக்கிய வனக் காவலருக்கும் அலுப்பு இருக்கும். பிளாஸ்டிக் குப்பையைத் தின்று செத்த மானை அப்புறப்படுத்தியவருக்கும்.

தீபத்தன்று உச்சிக்கு ஏறுவதும் இதே கதியில் தேய்ந்தது. ஒரு காலத்தில் நெய்ப் பாட்டிலோடு யார் வேண்டுமானாலும் ஏறினார்கள். கூட்டம் பெருகி நெரிசல் பயம் வந்தது. அடையாள அட்டை காட்டி, முதலில் வரும் 2,500 பேருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு என்றானது. கொரோனா காலத்தில் அதுவும் நின்றது, பிறகு திரும்ப வந்தது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் பாறையும் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து தீபம். புவியியல் வல்லுநர்கள் மலையைப் பார்த்தார்கள். பக்தர்கள் ஏற அனுமதி இல்லை என்று முடிவானது. கொப்பரையையும் நெய்யையும் சுமந்தவர்கள் மட்டும் ஏறினார்கள். அந்த ஆண்டு அது சரியான முடிவு. ஊறிப்போன மலையில் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றுவது கொலைக்குச் சமம்.

ஆனால் அந்த மரணங்களிலிருந்து எனக்கு எழுகிற கேள்வி வேறு. நடக்க வந்தவனை வேலி போட்டுத் தடுத்த அதே காலத்தில், கிழக்குச் சரிவில் வீடு மேல் வீடாக ஏறிக்கொண்டே போனது. அஸ்திவாரம் தோண்டப்பட்டது, பாறை உடைக்கப்பட்டது, மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் கொடுக்கப்பட்டன. வேறு இடமில்லாத ஏழைகள் கட்டிய வீடுகள் அவை. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாள் நடந்துவிட்டுப் போகிற பாதத்தைத் தடுக்க முடிந்த அரசுக்கு, நிரந்தரமாக வந்து உட்கார்ந்த கான்கிரீட்டைத் தடுக்க முடியவில்லை. பாதத்துக்கு வாக்கு கிடையாது, முகவரி கிடையாது. அதைத் தடுப்பது சுலபம்.

தமிழ்நாட்டில் மலை வழிகளின் கதையை 2018 மார்ச் 11-க்கு முன், பின் என்று பிரிக்க வேண்டும். அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் ஒத்தமரம் பக்கம் காட்டுத்தீயில் சிக்கின. 23 உயிர்கள் போயின. அவர்கள் போன வழிக்கு அனுமதி இல்லை, டாப் ஸ்டேஷன் வழிக்கே சீட்டு என்று விசாரணையில் பேசப்பட்டது. அந்த மலையில் நூறு ஆண்டுகளுக்கு முன் மூணாறு தேயிலை ரோப் காரில் கீழே இறங்கியது. கூலிகள் கழுதைகளோடு தினம் ஏறி இறங்கினார்கள். யாரும் சீட்டு வாங்கவில்லை. அவர்களுக்குப் புல் எப்போது காயும், காற்று எப்போது திரும்பும் என்று தெரியும். சென்னையிலிருந்து வார விடுமுறைக்குப் போன பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழிகளை அரசே திறந்தது: இணையத்தில் பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி. பழங்குடி இளைஞர்களுக்கு அதில் வேலை கிடைத்திருக்கிறது. விந்தியக் காட்டு வேடனுக்குச் சம்பளம் கிடைக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் குழித்தறியில் தண்ணீர் நிற்கிற வாரத்தில் நெய்ப் பாட்டிலோடு கிளம்பிய எங்கள் ஊர்க்காரர்கள் அந்த இணையப் பக்கத்தில் எந்தக் கட்டத்துக்குள் வருவார்கள்? அவர்கள் மலையேற்ற வீரர்கள் அல்ல, சுற்றுலாப் பயணிகளும் அல்ல.

உலகத்தில் வேறெங்கும் இந்தச் சண்டை இல்லாமல் இல்லை. எங்களுக்கு நெருக்கமான கதை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. நெருக்கம் நூலால் வந்தது. மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமை மூச்சுவிடப் போன கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலம், டெவன்ஷயர் பிரபுவின் பறவை வேட்டைக் காடு. 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கானவர்கள் காவலாளிகளை மீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. தலைவராக நின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது, தண்டனை நான்கு மாதம். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட திறந்த மேட்டுநிலங்களில் கால்நடையாகப் போகிற உரிமையைத் தந்தது. 2002-ல், அந்த ஊர்வலத்தின் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு வந்த அன்றைய டெவன்ஷயர் பிரபு, தன் தாத்தா செய்தது தப்பு என்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவின் கொலராடோவில் வேறு மாதிரி. டெமாக்ரட், லிங்கன் சிகரங்களுக்குப் போகிற வழி பழைய சுரங்க நிலங்களின் ஊடாகப் போகிறது. யாராவது விழுந்தால் என்மேல் வழக்குப் போடுவார்கள் என்று பயந்து நில உரிமையாளர் வழியை மூடினார். 2023-ல் ஒரு பாதுகாப்பு அமைப்பு டெமாக்ரட் சிகரத்து நிலத்தை விலைக்கு வாங்கி வனத்துறையிடம் கொடுத்தது. 2024-ல் உரிமையாளரின் பயத்தைக் குறைக்கச் சட்டம் திருத்தப்பட்டது. இரண்டு ஊரிலும் நிலக்காரரின் நியாயத்தைக் கேட்டார்கள், நடப்பவரின் நியாயத்தையும் கேட்டார்கள். நம்மிடம் பலகை நட்டால் விவகாரம் முடிந்தது.

உள்வழிக்கு வாரிசுகள் இல்லாமல் இல்லை. பர்வதராஜ குலத்தார் இருக்கிறார்கள். தீபக் கொப்பரையைச் சுமந்து ஏற்றுவதும், தீபம் ஏற்றுவதும், பதினோரு நாள் அது அணையாமல் பார்ப்பதும் அவர்களது பாத்தியம். எந்தத் தடை ஆண்டிலும் அவர்கள் கால் அந்தப் பாறைகளில் பட்டது. ஆகவே உச்சிக்குப் போகிற தடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு குலத்துக்கு ஒரு கடமை கொடுத்து அதன்மூலம் ஒரு வழியைக் காத்தது அந்தக் காலம். உள்வழிக்கு அப்படிக் கடமைப்பட்டவர்கள் ஆட்டுக்காரர்களும் விறகுக்காரிகளும்தான். அவர்களை வெளியே அனுப்பியாகிவிட்டது.

நடப்பவனுக்கும் நிலத்தில் இருப்பவனுக்கும் இடையேயான அந்தப் பழைய ஒப்பந்தத்துக்கு எங்கள் ஊரிலும் ஒரு வாரிசைச் சொல்லலாம். சித்ரா பௌர்ணமிக்கு வரதர் கோயிலை விட்டுக் கிளம்பி, செவிலிமேடு தாண்டி, தூசிப் பக்கத்துக் கிராமங்களில் மண்டகப்படி கண்டு, அய்யங்கார்குளம் நடவாவிக் கிணற்றுக்குள் இறங்கி, பாலாற்று மணலில் ஊறல் கண்டு திரும்புகிறார். வழியில் இருக்கிற வயலும் தோப்பும் எத்தனை கை மாறியிருக்கின்றன, எத்தனை மனையாகப் பிரிந்திருக்கின்றன. புதிதாக வாங்கியவர் பெருமாள் வருகிற வழியை மறிக்க நினைப்பதில்லை. பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறார். அந்த வருகைக்கு ஒரு நாள், ஒரு முறை, வருகிறவருக்கு ஒரு மரியாதை என்று இருப்பதால்தான் நிலத்துக்காரர் மனம் கோணுவதில்லை.

உள்வழியை முழுசாகத் திறந்துவிடு என்று நான் கேட்கவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போனாலே ஒரே இரவில் காடு முடிந்துவிடும். புல் பச்சையாக இருக்கும் ஆவணி முதல் தை வரை, பகலில் மட்டும், தீப்பெட்டியும் கற்பூரமும் இல்லாமல், வெறுங்காலில், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று எண்ணி அனுப்பலாம். முன்னால் நடக்க அடிவாரத்து ஆட்டுக்காரர் ஒருவர் இருக்கட்டும், அவருக்கு அரசு சம்பளம் கொடுக்கட்டும். மாசி பிறந்தால் மூடட்டும். நடந்தவர்கள் ஒவ்வொருவரும் தீத்தடுப்புக் கோடு வெட்ட ஒரு நாள் உழைப்பு தரவேண்டும் என்று விதி வைத்தாலும் எங்கள் தெருவிலிருந்து ஆள் வருவார்கள். மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள்.

அதற்கெல்லாம் முன்பாக அவசரமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்த வழி எந்தப் பாறையில் திரும்பியது, எந்தச் சுனையைச் சுற்றியது, எந்தப் புளியமரத்தில் தொடங்கியது என்று காலால் அறிந்தவர்கள் அடிவாரத்துக் கிராமங்களில் சிலர் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் எழுபது, எண்பது வயதில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். 1930-களில் ஒருவரின் வாக்கைக் கேட்டுப் பதிவு செய்தது போல, இவர்களையும் ஒரு சர்வேயரோடு கூட்டிப்போய், கூட்டிப்போக முடியாதவர்களை வீட்டில் உட்காரவைத்துக் கேட்டு, வழியை ஒரு வரைபடத்தில் ஏற்ற வேண்டும். அந்த வரைபடம் வனத்துறை அலுவலகத்தில் ஒரு பிரதியும் கோயில் அலுவலகத்தில் ஒரு பிரதியும் இருக்கட்டும். பெரியப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. அடுத்த மழைக்கு முன் யாராவது வந்தால் சொல்வார்.